குள்ளர் வீட்டுக்கு யார் வாரிசு?

தமிழில் பெருங்கற்காலம் பற்றி எழுதப்படும் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் சில சொற்கள் தவறாமல் வரும். டால்மென், மென்ஹிர், கெய்ர்ன். கொஞ்சம் பழைய நூலாக இருந்தால் குரோம்லெக், கிஸ்ட்வேன். ஆங்கிலக் கலைச்சொற்கள் என்று நினைத்துக் கடந்துபோகிறோம். ஆனால் இவற்றின் பூர்வீகம் ஆங்கிலம் இல்லை. மென்ஹிர் பிரெட்டன் மொழிச் சொல், ‘நீளக்கல்’ என்று பொருள். கிஸ்ட்வேன் வெல்ஷ் மொழிச் சொல், ‘கல்பெட்டி’. குரோம்லெக்கும் வெல்ஷ்தான், ‘வளைந்த பலகைக்கல்’. கெய்ர்ன் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலிருந்து வந்தது, ‘கற்குவியல்’. டால்மெனையும் பிரெட்டன் மொழியின் ‘கல்மேசை’யோடு சேர்த்துச் சொல்வார்கள். எல்லாமே கெல்டிக் குடும்பத்து மொழிகள். அங்கே ஆடு மேய்த்தவர்கள் மேய்ச்சல் நிலத்தில் கிடந்த கல்லைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்ன பெயர்கள்தான் நமக்கு வரும்போது அறிவியலாகிவிட்டன.

அவை இங்கே வந்த வழி சுவாரஸ்யமானது. பிலிப் மெடோஸ் டெய்லர் என்றொரு அதிகாரி, ஐதராபாத் நிஜாமிடம் வேலை பார்த்தவர், சோராப்பூர் சமஸ்தானத்தை நிர்வகித்தவர். ‘ஒரு தக்கின் வாக்குமூலம்’ என்று 1839-ல் அவர் எழுதிய நாவல் லண்டனில் பரபரப்பாக விற்றது. அவர் தக்காணத்துக் கல்லறைகளைத் தோண்டிப் பார்த்து, 1860-களில் அயர்லாந்தின் ராயல் அகாடமி இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். இந்தக் கற்குவைகளையும் கல்பெட்டிகளையும் ‘கெல்டிக், ட்ரூயிட் அல்லது சித்தியச் சின்னங்கள்’ என்று தலைப்பிலேயே வகைப்படுத்தினார். பிரிட்டனில் கண்டதையே இங்கேயும் கண்டதால் அதே பெயரை வைத்தார். பார்த்ததற்குப் பெயர் வைப்பதும், வைத்த பெயருக்கு ஓர் இனத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதும் வேறு வேறு வேலைகள் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயர் அதன் சொந்த ஊரிலேயே தப்பு. ஸ்டோன்ஹெஞ்ச் ட்ரூயிட் பூசாரிகளின் கோயில் என்று வில்லியம் ஸ்டக்லி 1740-ல் நூல் எழுதினார். அதன்பிறகு பிரிட்டனில் கிடந்த பெருங்கற்கள் எல்லாம் கெல்டியர் கணக்கில் எழுதப்பட்டன. ஆனால் மேற்கு ஐரோப்பாவின் கல்திட்டைகளில் பெரும்பாலானவை பொ.மு. 4000-க்கும் 3000-க்கும் இடைப்பட்டவை. கெல்டியர் என்று நாம் அழைக்கும் மக்கள் எழுத்தில் பதிவாவது பொ.மு. முதல் ஆயிரத்தாண்டில். நடுவே குறைந்தது இரண்டாயிரம் ஆண்டு. பிறகு வந்தவர்களின் பெயரை முன்பு இருந்தவர்களின் கல்லறையில் ஒட்டிவிட்டு, அந்த ஒட்டுச்சீட்டைக் கப்பலேற்றித் தக்காணத்துக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

சரி, அதனால என்ன, பெயர்தானே என்று கேட்கலாம். நான் நிரல் எழுதிப் பிழைப்பவன். ஒரு மாறிக்குத் தப்பான பெயர் வைத்தால் நிரல் ஓடத்தான் செய்யும். ஆனால் அடுத்து அதைத் தொடுகிறவர் அந்தப் பெயரை நம்பித்தான் மேலே கட்டுவார். கல்லறைகள் விஷயத்திலும் நடந்தது அதுதான். இந்தக் கட்டுரையில் நான் விமர்சிக்க நினைப்பது மெடோஸ் டெய்லரை அல்ல. அவரைத் திருத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அதே வேலையை வேறு பெயரில் செய்துகொண்டிருக்கும் நம் தொன்மைக் கட்டுரைகளை.

*

உண்மையான கெல்டியர் காலத்துப் புதைமேடு எப்படி இருக்கும்? வேலை நிமித்தம் சில மாதங்கள் தெற்கு ஜெர்மனியில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோமிஹெலே மேட்டுக்குப் போனேன். மேல் டான்யூப் ஆற்றங்கரையில் ஹொய்னெபுர்க் என்ற பழைய கோட்டைக் குடியிருப்பு இருக்கிறது. அங்கிருந்து வயலும் காடுமாகப் போகும் நடைபாதையில் இந்த மேடு வருகிறது. உயரம் ஏறக்குறைய 13 மீட்டர், விட்டம் 80 மீட்டர். மேலே பெரிய பெரிய மரங்கள். சொல்லாவிட்டால் இயற்கையான குன்று என்றே நினைத்துக் கடந்துவிடுவோம். பொ.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நடுவிலிருந்த முதன்மை அறையைப் பழங்காலத்திலேயே திருடர்கள் காலி செய்துவிட்டார்கள். பக்கத்து அறையொன்றில் நான்கு சக்கர வண்டியோடு புதைக்கப்பட்டவர்கள் மட்டும் தப்பினார்கள்.

அந்த மேட்டை 1937, 1938 ஆண்டுகளில் அகழ்ந்தவர் குஸ்டாவ் ரீக். அகழாய்வுக்குப் பின்னால் இருந்த அமைப்பு நாஜிகளின் ‘ஆனென்எர்பே’. அந்தச் சொல்லுக்கு ‘முன்னோர் மரபுரிமை’ என்று பொருள். இதைச் சொல்வதால் தொன்மையைப் பேசுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் என்று நான் சொல்லவரவில்லை, அது அபத்தம். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இன்று அந்தக் காட்டில் நடக்கும் ஜெர்மானியக் குடும்பங்கள் யாரும் அந்த மேட்டை ‘எங்கள் தாத்தா’ என்று சொல்வதில்லை. நாய்க்குட்டியோடு வருகிறார்கள், பலகையைப் படிக்கிறார்கள், கொஞ்சநேரம் அமைதியாக நிற்கிறார்கள், போகிறார்கள். ‘முன்னோர்’ என்ற சொல் எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்பதை ஒருமுறை பார்த்துவிட்ட சமூகத்தின் நிதானம் அது என்று எனக்குத் தோன்றியது.

*

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மேலே ஏறினால் வெள்ளிமலை. அதையும் தாண்டி, சாமையும் மரவள்ளியும் விளையும் சரிவுகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஒன்றரை மணிநேரம் நடந்தால் நான் சொல்லும் இடம் வருகிறது. ஊர்ப்பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. புதையல் தேடி வருகிறவர்களுக்கு ஒரு பெயர் போதும். பாறைத்தளத்தின் மேல் ஏழெட்டுக் கல்திட்டைகள். நான்கு பக்கமும் பலகைக்கற்கள், மேலே ஒரு மூடுகல். சிலவற்றின் முன்பலகையில் ஒரு ஆள் தலையை நுழைக்கும் அளவுக்கு வட்டமான துளை. இதைத் தொல்லியலாளர்கள் இடுதுளை என்பார்கள். பாதிக்குமேல் சரிந்துவிட்டது. ஒன்றின் உள்ளே வெட்டுக்கத்தியும் தண்ணீர்க் குடுவையும் இருந்தன. காட்டுவேலைக்கு வந்த யாரோ நிழலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒரு மூடுகல்லை அடிக்கணக்கில் அளந்தேன். நீளம் எட்டு அடி, அகலம் ஆறு அடி, தடிமன் அரையடி. 24 கன அடி. கருங்கல்லின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன். கணக்குப் போட்டால் 1.8 டன் வருகிறது. மரக்கழி கட்டித் தூக்கினால் ஓர் ஆளுக்கு 45 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் நாற்பது பேர் வேண்டும். உருட்டுக்கட்டை வைத்து இழுத்திருந்தால் குறையலாம், மேட்டில் ஏற்றியிருந்தால் கூடலாம். எப்படிப் பார்த்தாலும் இது ஒரு குடும்பத்தின் வேலை இல்லை. நாற்பது பேர் தங்கள் காட்டுவேலையை விட்டுவிட்டு வர வேண்டும், அவர்களுக்கு யாராவது சோறாக்கிப் போட வேண்டும். உள்ளே வைக்கப்பட்டவரைப் பற்றி நம்மிடம் ஏகப்பட்ட யூகங்கள். தலைவன், வீரன், பூசாரி என்று. கல் சுமந்தவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. கண்ணெதிரே நிற்கும் சான்று உண்மையில் அவர்களுடையதுதான்.

வழிகாட்டிய பெரியவர் மூடுகல்லின் மேல் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை.

“இது யாரு கட்டினதுங்கய்யா?”

“குள்ளருங்க தம்பி. இது குள்ளரு வூடு. நாங்க இந்த மலைக்கு வர்றதுக்கு முன்னாடி இருந்தவங்க. இத்தினியூண்டு ஆளுங்க, ஆனா கெட்டி. நெருப்பு மழ பேயப்போவுதுன்னு தெரிஞ்சு கல்லாலயே வூடு கட்டிக்கினாங்களாம். மழ பேஞ்சுது. அத்தினி பேரும் உள்ளயே வெந்து போயிட்டாங்க.”

“அப்ப உங்க முன்னோருங்களா அவங்க?”

சிரித்தார். “எங்க பாட்டனுங்க காஞ்சிபுரத்துலருந்து வந்தவங்க. இவங்க வேற. அவங்க வூடு இது. நாம எதுக்கு அதுல கைய வெக்கணும்?”

இந்தப் பதிலை இப்போதைக்கு இங்கே நிறுத்திவைக்கிறேன். நெருப்பு மழைக் கதையை முதலில் பார்க்கலாம். வட தமிழ்நாட்டின் பல ஊர்களில் இந்தச் சின்னங்களுக்குக் குள்ளர் வீடு என்றும் வாலியர் வீடு என்றும் பெயர் உண்டு. கதையும் ஏறக்குறைய இதே கதைதான். நம் கட்டுரையாளர்கள் இதை ஒரு வரியில் ‘மக்களிடையே நிலவும் நம்பிக்கை’ என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில் ‘ஆனால் உண்மையில்’ என்று தொடங்குவார்கள். எனக்கு அந்த ‘ஆனால்’ பிடிப்பதில்லை. கதையைக் கவனமாகக் கேளுங்கள். அறை சின்னது, ஆகவே ஆட்கள் குள்ளம். கல் பெரியது, ஆகவே பலசாலிகள். மரமும் ஓலையும் இருக்கும்போது கல்லில் கட்டியிருக்கிறார்கள், ஆகவே எதற்கோ பயந்திருக்கிறார்கள். இப்போது யாருமில்லை, ஆகவே ஒரே நாளில் அழிந்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொரு தரவுக்கும் இதில் விடை இருக்கிறது. இது நம்பிக்கை மட்டும் அல்ல, ஒரு வாசிப்பு. முடிவு தப்பாக இருக்கலாம். ஆனால் அவர்கள் கல்லைப் பார்த்திருக்கிறார்கள். தென்மாவட்டங்களில் முதுமக்கள் தாழிக்குச் சொல்லப்படும் கதையும் இப்படித்தான். சாவே வராமல் வற்றிச் சுருங்கிப்போன கிழவர்களைச் சோறு தண்ணீரோடு தாழிக்குள் உட்கார வைத்துவிடுவார்கள் என்று. தாழியின் வாயையும் உள்ளே இருக்கும் சின்னக் கிண்ணங்களையும் பார்த்த கண்தான் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறது.

*

படித்த நாம் கல்லைப் பார்க்கிறோமா? பெரும்பாலும் கவிதையைப் பார்க்கிறோம். அதையும் முழுதாகப் பார்ப்பதில்லை.

ஈமச்சின்னம் பற்றிய எந்தத் தமிழ்க் கட்டுரையிலும் மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை வந்துவிடும். எரிப்பவர்கள், வெறுமனே இட்டுவிட்டுப் போகிறவர்கள், குழி தோண்டிப் புதைப்பவர்கள், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பவர்கள், தாழியால் கவிப்பவர்கள் என்று ஐந்து வழக்கங்களைச் சாத்தனார் அடுக்குகிறார். ஆய்வாளருக்கு அது ஓர் அட்டவணை. வெட்டியெடுத்து ஒட்ட வசதியாக இருக்கிறது. ஆனால் அந்தக் காதை யாரைப் பற்றியது? சார்ங்கலன் என்ற சிறுவன் வழிதவறிச் சுடுகாட்டுக்குள் போய்ப் பேயைக் கண்டு பயந்து செத்துப்போகிறான். அவன் தாய் கோதமை, தெய்வமான சம்பாபதியிடம் என் உயிரை எடுத்துக்கொண்டு மகனைத் திருப்பிக் கொடு என்று மன்றாடுகிறாள். போன உயிர் திரும்பாது என்பதுதான் கிடைக்கும் பதில். அட்டவணையை எடுத்துக்கொண்டு கோதமையை விட்டுவிடுகிறோம். பெருங்கற்காலம் பற்றிய நம் எழுத்தில் சாவு இருக்கிறது, துக்கம் இல்லை. அதுதான் முதல் குறை.

புறநானூற்றின் இரண்டு தாழிப் பாடல்களும் இதே கதிக்கு ஆளாகின்றன. 228-வது பாடலில் ஐயூர் முடவனார் கிள்ளிவளவனுக்குத் தாழி செய்யும் குயவனைப் பார்த்து இரங்குகிறார். அவ்வளவு பெரிய மன்னனைக் கவிக்க நிலத்தையே சக்கரமாக்கி மலையையே மண்ணாக்கினால் அல்லவா முடியும் என்று. 256-வது பாடலில் பெயர் தெரியாத ஒரு கவியின் பெண்குரல் அதே குயவனிடம், தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய், வண்டிச் சக்கரத்து ஆரக்காலில் ஒட்டிய பல்லிபோல அவனோடேயே வந்தவள் நான், எனக்கும் அதில் இடம் வேண்டும் என்கிறது. கட்டுரைகளில் இரண்டும் ‘தாழிப் புதையலுக்கு இலக்கியச் சான்று’ என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடும். ஆனால் முதல் பாடலில் தாழியின் அளவு அதிகாரத்தின் அளவு. இரண்டாவதில் தாழியின் அளவு இரண்டு உடம்புகளின் அளவு. ஒரே பாண்டம், நேரெதிரான இரண்டு கேள்விகள். இந்த வேறுபாட்டைக் கேட்காத காது கல்லறையிடமும் எதையும் கேட்கப்போவதில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பதுக்கை என்ற சொல். காட்டுவழியில் நடக்கிறவர் கண்ணில் படும் கல்லறைக்குச் சங்கக் கவிகள் வைத்திருந்த பெயர். புறநானூற்றின் மூன்றாம் பாடலில் இரும்பிடர்த்தலையார் பாண்டியன் வழுதியைப் பாடும்போது, பரிசிலர் வரும் வழியைச் சொல்கிறார். மறவர்களின் அம்பு பட்டு இறந்த வழிப்போக்கர்கள் பதுக்கைகளின் கீழே கிடக்கிறார்கள், பருந்து காத்திருக்கிறது, அப்படிப்பட்ட கவர்த்த பாதையைத் தாண்டித்தான் உன்னைத் தேடி வருகிறார்கள் என்று. அந்தப் பதுக்கையில் பெயர் இல்லை. யார் மகன், எந்த ஊர், எதற்காக நடந்தான், ஒன்றும் இல்லை. 264-வது பாடலில் உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடும் பதுக்கை வேறு. அதன் மேல் கல் நட்டிருக்கிறார்கள், பெயர் பொறித்திருக்கிறார்கள், மயிற்பீலி சூட்டியிருக்கிறார்கள். அவன் கல்லாகிவிட்டது தெரியாமல் பாணர் கூட்டம் இன்னமும் வருமோ என்று கவி கேட்கிறார்.

ஒரே சொல், இரண்டு சாவுகள். ஒன்று நின்று அழ ஆளில்லாத சாவு. மற்றது பெயர் நிலைத்த சாவு. இப்போது கல்வராயன் மலையின் 1.8 டன் மூடுகல்லை இவற்றோடு வைத்துப் பாருங்கள். கல்லறைக்குள் பலகைக்கல் பெட்டி வைத்த வகைக்கு நம் தொல்லியல் தமிழ் ‘கல்பதுக்கை’ என்று பெயர் வைத்திருக்கிறது. நல்ல பழைய சொல், பிழையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது பேர் கூடிக் கட்டிய அறைக்கும், பாலைவழியில் கைக்கு அகப்பட்ட கல்லைப் போட்டு மூடிய குவியலுக்கும் ஒரே பெயர் வந்துவிட்டது. வெல்ஷ் சொல்லைத் துரத்திவிட்டுச் சங்கச் சொல்லைக் கொண்டுவந்ததில் ஒரு திருப்தி கிடைத்திருக்கும். வழியில் அனாதையாகக் கிடந்தவன் அந்தத் திருப்தியில் காணாமல் போய்விட்டான். தமிழின் மிகப் பழைய இலக்கியம் புதைந்தவனின் பெருமையை மட்டும் பாடவில்லை, பெயரற்றவனின் கல்குவியலையும் நின்று பார்த்தது என்பதுதான் எனக்குப் பெருமையாகப் படுகிறது.

*

2025 ஜனவரியில் தமிழக அரசு ‘இரும்பின் தொன்மை’ அறிக்கையை வெளியிட்டது. கா. ராஜனும் இரா. சிவானந்தமும் எழுதியது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் மாதிரிகளைக் கொண்டு இரும்பின் காலம் பொ.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை போகிறது என்று அது சொல்கிறது. ஆய்வகங்களில் அளந்து பெற்ற எண்கள், ஆய்வாளர்கள் விவாதிக்க வேண்டிய எண்கள். என் சிக்கல் எண்ணில் இல்லை. எண் வந்த மறுநாள் நாம் எழுதிய வாக்கியங்களில் இருக்கிறது. கல்லிலிருந்து ஆண்டுக்கு ஒரு தாவல், ஆண்டிலிருந்து ‘நம் முன்னோர்’ என்பதற்கு இன்னொரு தாவல், அத்தோடு கட்டுரை முடிந்துவிடும். சிவகளையின் தாழி யாருடையது என்று கேட்கவே இல்லை, நமதென்று ஆகிவிட்டது. எனக்கு மெடோஸ் டெய்லர் நினைவுக்கு வந்தார். அவர் கல்லைக் கண்டதும் கெல்டியர் என்றார். நாம் கல்லைக் கண்டதும் நாம் என்கிறோம். முகவரி மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை.

இப்போது பெரியவரின் பதிலுக்கு வருகிறேன். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் (கேரளத்தோடு சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்று அவர்களே பொருள் சொல்வார்கள்) காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியான தன் நூல்தொகுதியில் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கதை வரலாறா இல்லையா என்பது வேறு விவாதம். அந்தக் கதை அவர்களை என்ன செய்ய வைக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். நாங்கள் பிறகு வந்தவர்கள் என்று அவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். ஆகவே குள்ளர் வீடு அவர்களுடையது இல்லை. அவர்களுடையது இல்லாததால்தான் அதைத் தொடக் கூடாது. உரிமை கோராத ஒருவர் காவல் காக்கிறார்.

நாம் நேர்மாறு. உரிமை கோருகிறோம், காவல் இல்லை. சமவெளியில் எத்தனையோ கல்வட்டங்கள் உழவுக்கும் கல்குவாரிக்கும் வீட்டுமனைக்கும் போய்விட்டன. தோண்டிக் கிடைத்த பலகைக்கல் துணிதுவைக்கும் கல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் கிடப்பதை என் ஊரான சின்னசேலம் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். மலையில் பாதியாவது மிஞ்சியிருப்பதற்கு, பாதை கடினம் என்பதோடு, ‘அவங்க வூடு’ என்ற அந்த இரண்டு சொற்களும் ஒரு காரணம். இது அழியாத காரணம் ஒன்றும் இல்லை. சாலை வருகிறது, பிள்ளைகள் படித்துத் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். பள்ளிக்கூடம் நெருப்பு மழையை மூடநம்பிக்கை என்று சொல்லிக்கொடுக்கும். கதை போய்விட்டால் அந்த இடத்தில் நாம் வைக்கப்போவது என்ன? ‘உன் முன்னோர் சின்னம், பெருமைப்படு’ என்ற பலகையா? காஞ்சிபுரத்துக் கதை கேட்டு வளர்ந்த பையனுக்கு அது பொருளில்லாத வாக்கியம். 1970-களின் நடுப்பகுதி வரை ஜாகிர்தார்களின் கீழே கிடந்த மலை அது. தாம் உழும் நிலத்துக்கு உரிமைத்தாள் கேட்டு இன்னமும் அலைகிறவர்களிடம், மூவாயிரம் ஆண்டுக் கல்லுக்கு மட்டும் வாரிசுரிமை கொடுப்பது கொஞ்சம் கேலியாகவும் இருக்கும்.

ஆகவே நான் கேட்பது சின்ன மாற்றம்தான். தொன்மைக் கட்டுரை எழுதுகிறவர்கள் ‘நம்’ என்ற சொல்லை ஓர் ஆண்டுக்கு ஒத்திவைத்துப் பார்க்கலாம். அதை எடுத்துவிட்டால் வாக்கியத்தில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில்தான் கேள்விகள் வரும். கல்லைத் தூக்கியவர்கள் யார்? அன்று சோறாக்கியது யார்? கல்லறை கிடைக்காதவர்கள் எங்கே கிடக்கிறார்கள்? அகலமான தாழி கேட்டவளுக்குக் குயவன் என்ன பதில் சொன்னான்? இதற்கெல்லாம் கரிமக் காலக்கணிப்பு விடை தராது, அகழாய்வு கொஞ்சம் தரும், மீதியை நாம் விடையில்லாமல் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இறந்தவரை மதிக்க அவர் நமக்கு உறவாக இருக்க வேண்டியதில்லை. பதுக்கையைக் கடந்துபோன பரிசிலனுக்கு அதன் கீழே கிடந்தவன் உறவில்லை. குள்ளர்கள் அந்தப் பெரியவருக்கு உறவில்லை. இருந்தாலும் ஒருவன் அதைப் பாட்டில் வைத்தான், இன்னொருவர் அதன் மேல் உட்காராமல் நிற்கிறார். நம் மரபு என்று எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், நான் அதைச் சொல்வேன்.